சேற்று டீச்சரும் எட்டு ஆரஞ்சு மீனும்

ஆசிரியர் அறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சேற்று டீச்சர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அந்த அளவுக்குத் தைரியம் அங்கே யாருக்கு இருந்தது? வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் ஏழாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழே ஆற்றில் இறங்குவாள். திரும்பி வரும்போது முப்பத்திரண்டு ஜோடிச் செருப்பும் வராந்தா முழுக்கச் சேற்றை அப்பிவிடும். வராந்தாவைத் துடைக்கிற ஆயாவே அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் சுளித்ததெல்லாம், மணி அடித்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசு வராத மகானுபாவர்கள்தான்.

பதினாறு வருஷமாக அவள் இதைச் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சிக் கருவிகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். வீட்டில் கழித்துப்போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள், பழைய டூத் பிரஷ், டீ வடிகட்டி, ஒரு தேக்கரண்டி. கணுக்கால் ஆழத்தில் கிடக்கிற கல்லைப் புரட்டி எடுத்து, அடிப்பக்கத்தைப் பிரஷ்ஷால் தட்டுக்குள் தேய்த்துவிட வேண்டும். தட்டில் எது நெளிகிறது என்று எண்ணி எழுத வேண்டும். தண்ணீருக்குள் வளரும், இன்னும் இறக்கை முளைக்காத தும்பிக் குஞ்சுகள் இருந்தால் தண்ணீர் தேவலை. சிவப்புப் புழு மட்டும்தான் என்றால் தண்ணீர் நாசமாகப் போய்விட்டது என்று அர்த்தம். இதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆனால் குனிய வேண்டும், அதுதான் மற்றவர்களுக்கு ஆகாத காரியம்.

சரித்திரப் பாடமும் அங்கேயே நடக்கும். கரைச் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலே துருப்பிடித்த இரும்பு வளையங்கள் வரிசையாக இருந்தன. படகு கட்டின வளையம் என்று சொன்னால் எந்த வருஷத்துப் பிள்ளையும் நம்பியதில்லை.

"அவ்வளவு உசரத்துல எப்படி டீச்சர் படகு கட்டுவாங்க?"

"தண்ணி அங்க இருந்துச்சு."

அதற்கப்புறம் பிள்ளைகள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிற சாயப்பட்டறை எப்போது வந்தது, அணை எப்போது கட்டினார்கள் என்று பிறகு அவர்களாகவே கேட்பார்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், பாடம் முடிந்துவிடும்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். தினம் எட்டு தடவை அந்தப் பாலத்தைக் கடக்கிறவர். "ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற இடத்துல நீ மட்டும் ஆசையா இறங்குற பாரு" என்பார். சொல்லிக்கொண்டே அவள் கால் கழுவ வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். அந்த டீ வடிகட்டிகூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்துக்கு வேட்டு வைக்க ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை ஆற்று வகுப்பு தொடரலாமா, அந்த இரண்டு பீரியடையும் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று கல்வி அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்வாராம். மேலே புகார் எழுதிப் போட்டது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. கணக்கு வாத்தியார் அன்றைக்குப் பார்த்து அவளுக்கு வணக்கம் வைத்தார்.

தலைமையாசிரியருக்குப் பளபளப்பு என்றால் உயிர். ஒட்டடையைப் பெருக்கச் சொல்ல மாட்டார், அதன் மேலேயே பெயின்ட் அடிக்கச் சொல்வார். அதிகாரிக்குக் காட்ட, ஹாலில் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, தாங்கள் கண்டதை வைத்திருந்தார்கள். சிவப்புப் புழு நாற்பத்தொன்று, நத்தை மூன்று, தேடித் தேடிக் கிடைத்த ஒரே ஒரு தும்பிக் குஞ்சு. அந்த ஒன்றுக்காகப் போன வெள்ளிக்கிழமை வகுப்பே கை தட்டியது.

"என்ன டீச்சர் இது, சாக்கடையில அள்ளின மாதிரி இருக்கு?" என்றார் தலைமையாசிரியர்.

"ஆத்துல அள்ளினது சார். இப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

மறுநாள் காலையில் பார்த்தால், தொட்டியில் குடிதண்ணீர். பச்சைப் பிளாஸ்டிக் செடி, கலர் கூழாங்கல், நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு எட்டு ஆரஞ்சு மீன். முன்னால் அழகான எழுத்தில் ஓர் அட்டை: 'நம் ஆற்றின் உயிர்கள்.' புழுவும் நத்தையும் அந்தத் தும்பிக் குஞ்சும் எங்கே என்று ஆயாவிடம் கேட்டாள். பாத்ரூமில் கொட்டச் சொன்னார்களாம்.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த மீன் நம்ம ஆத்துல கிடையாது. எந்த ஆத்துலயும் கிடையாது. மீன் கடையில இருக்கு."

"வர்றவர் பெரிய ஆளு டீச்சர். கண்ணுக்குக் குளிர்ச்சியா நாலு விஷயம் காட்டுனாத்தான் கையெழுத்துப் போடுவாரு. உங்களுக்கு வெள்ளிக்கிழமை வேணுமா, வேண்டாமா?"

அங்கேதான் அவள் சறுக்கினாள். பதினாறு வருஷம் வழுக்குப் பாறையில் நின்று பழகின கால், அந்த டைல்ஸ் தரையில் சறுக்கியது. வேணும் என்றாள்.

அதிகாரிக்குத் தொட்டியை விளக்கிச் சொல்லப்போகிற பெண்ணுக்கு வகுப்பில் வக்கீல் என்று பெயர். எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

"இதை ஆத்து மீன்னு சொல்லணுமா டீச்சர்?"

"ஆமா."

"நாம ஒரு தடவைகூடப் பாக்கலையே."

"இன்னைக்கு மட்டும் சொல்லிடும்மா."

வக்கீல் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அதிகாரி வந்தார், ஒன்பது நிமிஷம் இருந்தார். வந்தவர் பாலத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இவை நம் ஆற்றில் வாழும் மீன்கள்" என்று வக்கீல் ஒப்பித்தாள். ரொம்பச் சின்னக் குரலில் ஒப்பித்தாள்.

"பிரமாதம்" என்றார் அதிகாரி. "இவ்வளவு அழகா உள்ளயே வச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்குப் பிள்ளைகளைத் தண்ணில இறக்குறது? ஒருத்தர் வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது? எப்பவாவது இந்தத் தொட்டியைக் காட்டிப் பாடம் நடத்துங்க, போதும். அந்த ரெண்டு பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடுங்க."

"நல்ல யோசனை சார்" என்று தலைமையாசிரியர் பேனாவை நீட்டினார். மனிதருக்கு நாக்கு கூசவில்லை. கையெழுத்து விழுந்தது.

"சார்" என்றாள் அவள். குரல் அவளை அறியாமலே உயர்ந்திருந்தது. "அது கடையில வாங்கின மீன். நம்ம ஆத்துல இருக்கிறது சிவப்புப் புழு. நீங்க பாக்க வேண்டியது அதைத்தான்."

தலைமையாசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி மட்டும் சிரித்தபடி பேனாவை மூடினார்.

"தெரியும்மா. எங்க வீட்டு ஹால்லயும் இதே மீன்தான் இருக்கு."

அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். அவள் அங்கேயே நின்றாள். ஆசிரியர் அறை முழுவதையும் இத்தனை வருஷம் இளக்காரமாகப் பார்த்தவள்; அன்றைக்கு அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை. வக்கீல் அட்டையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அவருக்கே தெரியுமாமே டீச்சர். அப்ப எதுக்கு என்னைப் பொய் சொல்லச் சொன்னீங்க?"

வெள்ளிக்கிழமைக்காக என்று சொல்ல வாயெடுத்தாள். வெள்ளிக்கிழமைதான் போய்விட்டதே.