மை நேம் இஸ் கிளமெண்ட்

துறைமுகச் சாலை டீக்கடையில் புன்னைக்காயல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தாலும் நிலக்கரி லாரிகள்தான் வருகின்றன. என் வெள்ளைச் சட்டை கறுத்துக்கொண்டிருக்கிறது.

என்னைவிட வேகமாக ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். பெயர் கிளமெண்ட். பத்து வருடம் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தவர். கடைக்கு மேல் மாடியில் பெரிய கப்பல் வேலைக்கு இன்டர்வியூ நடக்கிறது, அடுத்து இவர்தான். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து, "அண்ணாச்சி, இங்கிலீசுல ஏதாவது கேளுங்க" என்கிறார்.

கேட்கிறேன். "மை நேம் இஸ் கிளமெண்ட், மை நேட்டிவ் பிளேஸ் இஸ் புன்னைக்காயல், மை ஃபாதர்..." ஜெபமாலை மாதிரி உருள்கிறது. நடுவில் வேறு கேள்வி கேட்டால் மறுபடியும் மை நேமிலிருந்து ஆரம்பிக்கிறார்.

"இடையில கேட்டா அத்துப்போவுது அண்ணாச்சி. எங்க, நீங்க சொல்லுங்க பாப்பம்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, "மை நேட்டிவ் பிளேஸ் இஸ் புன்னைக்காயல்" என்கிறேன். நான் திருச்சிக்காரன்.

"நம்மூரா! எந்தத் தெரு, யாரு மவன்?" என்று வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்போடேயே மாடிக்குப் போகிறார்.

என் பஸ் வருகிறது. நான் ஏறவில்லை. காது மாடி ஜன்னலில் இருக்கிறது. "மை நேம் இஸ் கிளமெண்ட், மை நேட்டிவ்..." யாரோ குறுக்கே எதையோ கேட்கிறார்கள். போச்சு, மறுபடியும் மை நேம்தான் என்று டீ கிளாஸை இறுக்கிப் பிடிக்கிறேன்.

"டென் இயர்ஸ் தோணி, சார். சீ, நோ ஃபியர். இங்கிலீஷ் ஒன்லி ஃபியர்."

மாடியே சிரிக்கிறது. என் பஸ் போய்விட்டது.