தலைக்கட்டு ஏட்டில் இல்லாத வீடுகள்

கோடை விடுமுறைக்கு ஊர் வந்த நாளிலிருந்து பச்சியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1938ஆம் ஆண்டு அது. சேலத்தில் அவன் படித்த கல்லூரி ஒரு போட்டி அறிவித்திருந்தது: மாணவர் தத்தம் ஊரின் குறையொன்றை ஆராய்ந்து, தீர்வும் எழுதித் திங்கட்கிழமைக்குள் தர வேண்டும். பாப்பாரப்பட்டிக்கு அருகிலிருந்த அவ்வூரில் குறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது அவன் தாய் முனியம்மாளின் கணுக்காலிலேயே இருந்தது. புண்ணிலிருந்து நூலாய்த் தலைநீட்டிய நரம்புச் சிலந்திப் புழுவைத் துடைப்பக்குச்சியில் சுற்றி, நாளொன்றுக்கு ஒரு விரற்கடை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். இடையில் அறுந்தால் கால் வீங்கிப்போகும்.

புண்காலோடு படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்வதால்தான் அது பரவுகிறதென்று அவன் படித்திருந்தான். புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, குடிப்பவர் உடலில் ஓராண்டு வளர்ந்து வெளிவருமாம். படிகளை அடைத்து, மேலிருந்து கயிற்றால் சேந்தினால் போதும். ஆனால் ஊரே குடிக்கும் அந்தக் கிணறு அவன் பாட்டன் வெட்டியது.

"எங்கப்பன் கட்டுன படிய அடைக்கச் சொல்றியா? இது ஒடம்புச் சூட்டுல வர்றதுடா," என்று சீறினார் தந்தை மாயவன். "தண்ணியிலதான் வருதுன்னா, அந்தத் தண்ணி குடிக்காத வூட்டுக்கு வரக்கூடாதில்ல? காட்டு. நானே அடைக்கறேன்."

மாரியம்மன் பண்டிகைக்குக் குடும்பவாரியாக வரி பிரிக்கும் தலைக்கட்டு ஏட்டைப் பார்த்துப் பெயர்களைப் படியெடுத்து, அறுபத்தொரு வீடும் ஏறி இறங்கினான். முப்பத்தெட்டு வீட்டில் நோய். ஆனால் எல்லா வீட்டிலும் அதே தண்ணீர். ஒப்பிட ஒரு வீடுகூட இல்லை. எழுதினான், அடித்தான், மீண்டும் எண்ணினான். ஞாயிறு உச்சிவெயிலில் ஓடைப்பக்கம் நடந்தான். அங்கே மணலைத் தோண்டி ஊற்றுநீர் மொண்டுகொண்டிருந்தாள் சேரியைச் சேர்ந்த தீர்த்தம்மாள்.

"என்னங்க சின்னய்யா, நோட்டும் கையுமாப் பேயாட்டம் அலையறீங்க?"

"எத்தன வூட்டுல நரம்புச் சிலந்தின்னு கணக்கெடுக்கறேன்."

"எங்க பக்கம் வரவே இல்லீங்களே?"

அவன் நின்றுவிட்டான். பண்டிகைக்குத் தலைக்கட்டு எழுதும்போது சேரியை எழுதும் வழக்கமில்லை. அந்த ஏட்டையே ஊர் என்று எண்ணிவிட்டான்.

"உங்களுக்கு வருதா?"

"உங்க கெணத்துல எங்கள எறங்க வுடறதில்லீங்களே! எங்களுக்குக் கெணறும் இல்ல, சிலந்தியும் இல்ல," என்று அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

சேரியில் இருபத்துமூன்று வீடுகள். அன்று மாலையும் மறுநாள் காலையுமாக முடித்தான். சேலத்துக்குப் போக வேண்டிய பேருந்து அதற்குள் போய்விட்டது. நோய் கண்டிருந்தவன் ஒருவன்தான்: ஆண்டி. சென்ற கோடையில் கிணற்றைத் தூர்வார மட்டும் ஊரார் அவனை உள்ளே இறக்கியிருந்தார்கள். வேலை முடியும்வரை அங்கேயே குடித்திருந்தான்.

பச்சியப்பன் கிணற்றடிக்கு ஓடி, தந்தையிடம் அதைப் படித்துக் காட்டினான். குடத்தோடு வந்த முனியம்மாள் முதற்படியில் கால் வைத்து நின்றாள்.

"எறங்கட்டுமா வேண்டாமா? சொல்லித் தொலைங்க, அடுப்புல ஒலை கொதிக்குது!"

மாயவன் அருகே நின்ற மாட்டுவண்டியிலிருந்து கயிற்றை எடுத்துவந்து அவள் குடத்தின் கழுத்தில் கட்டினார். பிறகு படிவாயிலில் முள்ளை இழுத்துப் போட்டார்.

மறுநாள் பேருந்துக்குப் போகும் வழியில் தீர்த்தம்மாள் எதிர்ப்பட்டாள்.

"கயிறு போட்டாச்சாமே! இனி யாரும் தண்ணிய மிதிக்கப் போறதில்ல. நாங்களும் சேந்திக்கலாங்களா?"

நாள் கடந்த கட்டுரையைக் கல்லூரியில் வாங்குவார்களா என்ற கவலை அந்தக் கேள்வியோடு அவனை விட்டுப் போயிற்று. பேருந்தில் தீர்வுப் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டான். படியை அடைத்துக் கயிறு போட வேண்டும் என்ற வரியின் கீழ், அந்தக் கயிற்றை யார் யார் தொடலாம் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. தருமபுரி தாண்டியும் பேனாவைத் திறக்கவில்லை.