கற்பூரம் ஏற்றாத பூசணிக்காய்

கொரோனா அடங்கி, பஸ்ஸில் மறுபடியும் கூட்டம் நெரிய ஆரம்பித்திருந்த வருடம். ஆயுத பூஜை அன்று காலையில், திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் உள்ள ஒரு குடோனில் நடந்தது இது.

அதுதான் என் முதல் வேலை. பெயின்டில் கலக்கும் தின்னரைப் பேரல் பேரலாக அடுக்கி வைத்திருக்கும் குடோன். ஒரு பொறி பட்டால் போதும், குபீரென்று பிடித்துக்கொள்ளும் சரக்கு. அதற்குப் பாதுகாப்பு அதிகாரி நான். கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, தீ பாதுகாப்பில் ஒரு டிப்ளமோவும் வாங்கிய கையோடு, மாமல்லபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ஓடி வருவேன். பேரல் கசிந்தால் வெளியே ஓடாதபடி கட்டிய குட்டைச் சுவர், கூரையில் நுரை தெளிக்கும் குழாய், தரையை ஒட்டியே ஆவியை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் விளக்குவேன். என் பெயரே அங்கு யாருக்கும் தெரியாது. 'சேஃப்டி'தான்.

அந்தப் பெயரை வைத்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன். "டேய், சேஃப்டி வந்துகினு கீது, ஹெல்மெட்ட மாட்டு!" என்று நான் கேட்டைத் தாண்டும்போதே குரல் கொடுப்பார். காம்பவுண்டு ஓரத்தில் 'ஒன்றுகூடும் இடம்' என்று ஒரு பச்சைப் பலகை நட வைத்திருந்தேன். தீ ஒத்திகை மணி அடித்தால் எல்லோரும் அதன் கீழே வந்து நிற்க வேண்டும். ஒருத்தரும் வரமாட்டார்கள். நேராக டீக்கடைக்குப் போய்விடுவார்கள். "அங்க இன்னா வடையா போடறாங்க, வெயில்ல வந்து நிக்க?" என்பார் அண்ணன்.

பூஜைக்கு முந்தின நாள்தான் சண்டை வந்தது. பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, குடோனுக்குள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் உடைப்பது அங்கே வழக்கமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேனேஜரிடம் ஓடினேன். "அஞ்சு நிமிஷம்தானேம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். அண்ணனிடமே போய் முடியவே முடியாது என்றேன்.

அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "போன வருசம் கொரோனான்னு சொல்லி பூசையே போடல. அந்த வருசந்தான் என் மச்சான் கால்மேல பேரல் வுழுந்துச்சு. இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடந்துகினு கீறான். இந்த வருசம் எவனுக்கு இன்னா ஆவும்னு நீ சொல்லுவியா சேஃப்டி?" என்றார். என் டிப்ளமோவில் அதற்கான பாடம் இல்லை.

மறுநாள் காலையில் போனால் குடோன் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தூணுக்குத் தூண் வாழைக்கன்று. கூரையில் கலர் பேப்பர் தோரணம். பேரல்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவழியில், கூட்டிப் பெருக்கும் அக்கா போட்ட பெரிய கோலம். தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அண்ணன் புதுச் சட்டையில், கையில் பூசணிக்காயோடு நின்றார். அதன் உச்சியில் கற்பூரம். சட்டைப் பையில் தீப்பெட்டி.

கத்தினால் வேலைக்கு ஆகாது என்று புரிந்தது. காற்றில் தின்னர் ஆவி இருந்தால் கூவும் மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. அதை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே பிடிச்சுப் பாருங்கண்ணே."

பூசணியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, மீட்டரை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். சத்தமே இல்லை. "பாத்தியா, உன் பீப்பிக்கே சாமின்னா பயம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி தரையில்தான் படுத்துக் கிடக்கும். "கொஞ்சம் குனிஞ்சு, கணுக்கால் உயரத்துல பிடிங்க" என்றேன்.

சலித்துக்கொண்டே குனிந்தார். கோலத்துக்கு அருகே போனதும் மீட்டர் வீல் வீலென்று அலறியது.

சத்தியமாக நானும் அதை எதிர்பார்க்கவில்லை. சும்மா ஒரு எண் காட்டும், அதை வைத்துப் பேசலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணனின் கை தானாகச் சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. "எவனும் எதையும் தொடாத! சுவிட்சத் தொடாத, போனத் தொடாத, வெளிய நட!" என்று அவர் போட்ட அதட்டலில், என் ஒத்திகை மணிக்கு ஒருநாளும் அசையாத கூட்டம் மொத்தமும் வெளியே வந்தது. கதவுகளை எல்லாம் சுவிட்ச் போடாமல் கையாலேயே தள்ளித் திறந்துவிட்டோம். நல்லவேளை, கடல் பக்கமிருந்து காற்று வந்தது.

என்ன நடந்தது என்று வெளியே நின்றுதான் தெரிந்துகொண்டேன். பூஜைக்குத் தரை மின்ன வேண்டும் என்று, பெயின்ட் கறைகளை எல்லாம் முந்தின சாயங்காலம் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். நனைந்த துணிகளும் மீதித் தின்னரும் பக்கெட்டோடு ஒரு மூலையில் திறந்தே கிடந்திருக்கின்றன. "கோலப்பொடி பறக்குதுன்னு நாந்தாம்மா அந்தக் கீழ் ஃபேன நிறுத்தச் சொன்னேன்" என்று அக்கா அழுதார். அதே தின்னர் வாசனையில் வருடக்கணக்காக இருந்த மூக்குகள் அல்லவா? யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் நான் சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தது அந்தப் பச்சைப் பலகைக்குக் கீழே! அண்ணனும் நிமிர்ந்து பார்த்தார். "கடசீல வர வச்சிட்ட, சேஃப்டி" என்றார். அழுதுகொண்டிருந்த அக்கா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மறுபடி வாடியது. மச்சான் ஓர் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பூஜையை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அண்ணே, ஆவி போனதும் பூசணிய உள்ள சுத்துங்க. கற்பூரத்த மட்டும் இங்க வந்து ஏத்துங்க" என்றேன்.

யோசித்தார். "முருகன் திருப்போரூர் கோயில்ல இருந்தே ஊர் பூரா பாக்குறாரு. இங்க ஏத்துனா தெரியாதா அவருக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

துணிகளும் பக்கெட்டும் வெளியேறி, மீட்டர் தரையிலும் மௌனமான பிறகு, ஏற்றாத கற்பூரத்தோடு பூசணிக்காய் குடோன் முழுக்கச் சுற்றி வந்தது. முன்னால் மீட்டரோடு நான். பின்னால் அண்ணன். அவருக்குப் பின்னால் தாங்கித் தாங்கி அவர் மச்சான். பூஜைக்கு வைத்த ஆயுதங்களின் வரிசையில், அக்கா போய்த் தீயணைப்புக் கருவிகளையும் தூக்கி வந்து பொட்டு வைத்தார். கற்பூரம் பலகைக்குக் கீழே எரிந்தது, பூசணிக்காய் வழக்கம்போல வாசலில் உடைந்தது. முதல் பொரி எனக்குத்தான்.

இப்போது வேறு மாநிலத்தில் பெரிய குடோன் ஒன்றில் இருக்கிறேன். எல்லாமே தானியங்கி. அங்கே என்னை யாரும் 'சேஃப்டி' என்று கூப்பிடுவதில்லை. ஆயுத பூஜை அன்று மட்டும் தவறாமல் போனுக்கு ஒரு படம் வரும்: பச்சைப் பலகை, அதன் கீழே மாலை போட்ட தீயணைப்புக் கருவிகள், பல்லைக் காட்டிக்கொண்டு அண்ணன். அதைப் பார்க்கும்போதெல்லாம், எவனுக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று அன்று அவர் பூசணிக்காயோடும் நான் மீட்டரோடும் வேண்டிக்கொண்டது ஒரே வேண்டுதல்தான் என்று தோன்றும். அந்தப் பொரியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.