அண்ணன் வீட்டில் நான் ஒட்டிய நீலப் பொட்டுகள்

இந்த அயர்லாந்துச் சிற்றூரில் என் பக்கத்து வீட்டு மேரி தன் சாவுக்குத் தயாராவதை முதன்முதலாகப் பார்த்த அன்று, குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். தினமும் நாயை இழுத்துக்கொண்டு கடற்கரைவரை நடக்கிறார். அப்படிப்பட்டவர் கூடத்தில் உட்கார்ந்து, நம் ஊர் ஸ்டிக்கர் பொட்டு போன்ற வட்டமான காகிதங்களைப் பீங்கான் கோப்பைகளின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். நீலம் மகனுக்கு, மஞ்சள் மகளுக்கு, பச்சை மாதா கோயிலுக்கு. "நான் போன பிறகு சண்டை வரக் கூடாது பார்" என்றார், ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குகிற மாதிரி சாதாரணமாக. பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எது வேண்டும்?" என்று கேட்டார். நான் பதறிப்போய், "ஐயோ, எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் நூறு வருஷம் இருப்பீர்கள்" என்றேன். மேரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விட்டார். எங்கள் ராயபுரத்தில் ஒரு பொருளைக் கொடுத்தால் இரண்டு முறை வேண்டாம் என்போம், மூன்றாம் முறை வாங்கிக்கொள்வோம். மேரி இரண்டாம் முறைகூடக் கேட்கவில்லை. எனக்கு அந்த ரோஜாப்பூ போட்ட தேநீர்க் கூஜாமேல் ஆசை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எக்ஸிக்யூட்டர் என்பது குழாய் ரிப்பேர்காரர் என்கிற மாதிரி வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். இறந்தவரின் உயிலை நிறைவேற்ற அவரே நியமித்துவிட்டுப் போகும் பொறுப்பாளர். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ்கள் பாதிப் பேர் அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ எக்ஸிக்யூட்டராக இருந்தவர்கள். சாமான்களைக் கணக்கெடுத்து, உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கைகழுவி முடித்த கதையை மதியச் சாப்பாட்டில் சொல்வார்கள். எங்கள் தெருவிலோ அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. கல்லறைவரை சவப்பெட்டிக்கு முன்னால் நடக்கிறவன் மகன். பிறகு வீட்டில் என்ன நடக்கிறதோ அது நாலு சுவருக்குள். ஆகவே, ராயபுரம் ஹார்பரில் கிரேன் ஓட்டிய எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், போன வருஷம் இறந்தபோது தன் உயிலை நிறைவேற்ற அண்ணன் அந்தோணியை விட்டுவிட்டு என் பெயரைப் போட்டிருந்தார் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டின் கீழ்த்தளம் அண்ணனுக்கு, மாடி எனக்கு. "புழங்குகிற சாமான்களை மகள் பிலோமினா முன்நின்று இருவரும் மனம் கோணாமல் பிரித்துக்கொள்ளவும்." அண்ணனுக்கு இளகின மனசு, கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவான் என்பது நைனாவின் தீராத கவலை. அண்ணன் அந்த வரியைக் கேட்டுவிட்டு, "நைனா சொன்னா சரிதான்" என்றான்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள். அண்ணன் எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போயிருந்தான். ரெஜினா அண்ணி திருவொற்றியூரில் இருக்கும் தன் அம்மா வீட்டாரை அழைக்கப் போயிருந்தார். எனக்கு லீவு முடியப்போகிறது, டிக்கெட் போட்டாகிவிட்டது. மேரி கொடுத்தனுப்பிய வட்டப் பொட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நீலம் அண்ணனுக்கு, மஞ்சள் எனக்கு. பிரிட்ஜ், மிக்ஸி, டிவி, கட்டில், பீரோ, பிளாஸ்டிக் வாளி, கடைசியில் திருஇருதய ஆண்டவர் படத்தின் சட்டம்வரை நீலமாக ஒட்டித் தள்ளினேன். மஞ்சள் நைனாவின் டார்ச் லைட்டுக்கு மட்டும்தான். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பிறகு சாவியை வழக்கம்போல எதிர்வீட்டு குளோரி அக்காவிடம் கொடுத்துவிட்டு, பூசை விஷயமாக ஃபாதரைப் பார்க்கக் கோயிலுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. வீடு வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. பிரிட்ஜ் நின்ற இடத்தில் தூசுச் சதுரம். டிவி இல்லை, மிக்ஸி இல்லை, ஆண்டவர் படத்தின் ஆணி மட்டும் சுவரில். கட்டிலும் பீரோவும் கனம் என்பதால் தப்பித்திருக்கின்றன போலும். வாசலில் வந்து நின்று தெருவே கேட்கக் கத்தினேன். "யார் எடுத்தது? மரியாதையா கொண்டுவந்து வெச்சிருங்க. இந்த வீட்டுச் சாமானுக்கெல்லாம் சட்டப்படி நான் பொறுப்பு. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துருவேன்." எதிர்வாசலில் குளோரி அக்கா உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் பின்னால், அவர் வீட்டு நடையில், எங்கள் பிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அப்போதும் புரியவில்லை. எதிர்வீட்டு அக்கா திருடிவிட்டார் என்றே நினைத்தேன். எனக்குச் சளி பிடித்தால் நொச்சித்தழை ஆவி பிடித்துவிட்டவரை அப்படி நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தான். தெருமுனையிலேயே அவனை நிறுத்தி, "இன்னா மச்சான், திரும்பவும் ஜப்தியா? கவலப்படாத, நாங்க கீறோம்" என்று தோஸ்துகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. பல வருஷங்களுக்கு முன்னால் அண்ணன் ஒரு கூட்டாளியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவன் ஓடிப்போய், கோர்ட்டு ஆட்கள் எங்கள் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வந்தார்கள். அவர்கள் தெருமுனைக்கு வருவதற்குள் அக்கம்பக்கத்தார் பின்கதவு வழியாகச் சாமான்களைத் தூக்கித் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டார்களாம். எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். ஒரு வீட்டுக்கு ஜப்தி வந்தால் அந்த வீட்டு டிவி எதிர்வீட்டில் ஓடும், யாரும் கேட்கக் கூடாது. வந்தவர்கள் மிச்சமிருந்த நாற்காலியிலும் கதவிலும் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு நைனா கதவுக்குப் புது பெயின்ட் அடித்தார். அப்போது நான் நர்சிங் விடுதியில் இருந்தேன். எனக்கு அது போனில் கேட்ட கதை. தெருக்காரர்களுக்கு அது கண்ணால் பார்த்த காகிதம். மெட்ரோ தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று சாவியோடு உள்ளே வந்த குளோரி அக்கா, எல்லாச் சாமான்களிலும் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்?

அண்ணன் உள்ளே வந்து பீரோவின் முன் நின்றான். "இன்னா பிலோ இது?"

"நீலம் உனக்குண்ணா. பாரு, எல்லாமே உனக்குத்தான்."

அவன் அந்தப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தான். "இது ரெஜினா வூட்ல சீரா குடுத்த பீரோ" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவனும் அண்ணியும் இருபது வருஷமாக நைனாவுக்குச் சோறு போட்டு, மருந்து கொடுத்து, புழங்கித் தேய்த்த சாமான்கள் அவை. அவர்கள் வீட்டுப் பொருளை எடுத்து அவர்களுக்கே தானம் செய்திருக்கிறேன். அதுவும் சட்டப்படி.

பிறகு அவன் வாசலுக்குப் போனான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆமாக்கா, சின்ன பேஜாரு ஒண்ணு. பேசி முடிச்சிட்டேன். இனிமே ஒண்ணும் இல்ல. தங்கச்சி வெவரம் தெரியாம கூவிட்டா, மனசுல வெச்சிக்காதீங்க." செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். தங்கை ஊரைத் திருடர்கள் என்று சொன்னதற்கு, தன்னைக் கடன்காரன் ஆக்கிக்கொண்டு ஈடு கொடுத்தான். நான் வெளியே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம் என்னைக் கதவோடு அறைந்துவைத்திருந்தது. சாமான்கள் ஒவ்வொன்றாக, நீலப் பொட்டோடு, வீடு திரும்பின. மறுநாள் பூசை முடிந்து பந்தியில், ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் அண்ணனைப் பிடித்து, "இனிமே எவனுக்கும் ஜாமீன் போடாதடா" என்று காய்ச்சி எடுத்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி பெரியப்பா" என்றான். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்கு நகர்ந்துவிட்டேன்.

இங்கே திரும்பிய பிறகு மேரி, "எல்லாம் சுமுகமாக முடிந்ததா? யாரும் சண்டை போட்டார்களா?" என்று கேட்டார். "ஒருவரும் போடவில்லை" என்றேன். "நான் சொன்னேன் பார்த்தாயா!" என்று அவர் முகம் மலர்ந்தது. நான் என்னத்தைச் சொல்வது? உண்மையில் யாருமே சண்டை போடவில்லைதான். அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டபோது, குளோரி அக்காவும் அங்கே இருந்தார். பின்னால் பிரிட்ஜ், அதில் இன்னும் அந்த நீலப் பொட்டு. மனசு தாங்கவில்லை. "அக்கா, அன்னிக்கு நடந்தது ஜப்தி இல்ல. அதெல்லாம் நான் ஒட்டினது. அண்ணன்மேல எந்தத் தப்பும் இல்ல" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணன், "வுடு பிலோ" என்றான். அக்கா சிரித்தார்.

"தெரியும்மா. சேசு படத்த எவன் ஜப்தி பண்ணுவான்? வாளிக்குக்கூடவா ஒட்டுவான்? அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சிபோச்சி. பந்தியில அந்தோணியக் காய்ச்சின அந்தப் பெருசத் தவிர தெருவுக்கே தெரியும். அந்தோணி சொன்னான்னு நம்புன மாதிரி இருந்தோம்."

"அப்போ ஏங்க்கா என்னை ஒண்ணும் கேக்கல? உங்களத் திருடின்னு சொன்னேனே."

அக்கா அண்ணனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார். "முன்னமாதிரி இருந்தா வாசல்லயே வெச்சி நாலு வாங்கு வாங்கியிருப்பேன். நீ இப்போ வெளிநாட்லேர்ந்து வந்துட்டுப் போறவ. உன்னை இன்னான்னு கேக்கறது?"

பிறந்து வளர்ந்த தெருவில் திட்டு வாங்கும் உரிமை எனக்குப் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. விருந்தாளியின் மானத்தைக் காப்பாற்றுவதுபோலத் தெருவே சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பவாவது திட்டுங்கக்கா" என்றேன்.

குளோரி அக்கா அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, கையை ஓங்கி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இங்கே சிக்னல் குறைந்துவிட்டது. படம் மட்டும் விட்டு விட்டு அசைந்தது. வாய் அசைகிறது, கை ஆடுகிறது, பின்னால் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். சத்தம் வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மழை பெய்யும் இந்த ஊரில், சிக்னல் தேடி, வீட்டின் ஜன்னல் ஜன்னலாக ஓடினேன்.