மாமா கடையில் வாங்காத கம்ப்யூட்டர்

இன்றைக்கு யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். என் மாமா தன் கடையில் விற்ற கம்ப்யூட்டர் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள் அல்ல. பதின்மூன்று வயதில் இதை நான் வீட்டுக் கூடத்தில் நின்று சத்தமாகச் சொன்னபோது அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். அவளுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். ஆனால் அண்ணன் விற்கிறார் என்பதற்காக மட்டமான சாமான் நல்ல சாமான் ஆகிவிடாது என்று எனக்கு அப்போதே ஒரு கொள்கை இருந்தது.

நாங்கள் இருந்தது போர்ட் பிளேரில், மின்னி பே பக்கத்து அரசுக் குடியிருப்பில். அப்பாவுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. மாமா பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்பக்கம் பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும். திரைச்சீலைக்குப் பின்னால் அவர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் தயாரிக்கிற அறை. கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு வைத்த கம்ப்யூட்டர்கள். அவற்றை அவர் ‘ஃபுல் செட்’ என்பார். பெட்டி, திரை, கீபோர்டு, மவுஸ், இரண்டு ஸ்பீக்கர், இவற்றோடு தூசு படியாமல் மூடிவைக்கப் பூப்போட்ட உறை ஒன்று இலவசம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லாம் நல்ல சாமான் என்பார். அதற்கு மேல் கேட்டால் டீ சொல்லிவிடுவார்.

எனக்கோ பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் முக்கியம். பள்ளிக்கூட லேபில் பழுதான ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து போட்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். உள்ளே பாதிக்கு மேல் காலி இடம். நாலைந்து சாமான்களை ஒன்றோடொன்று செருகி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கா இத்தனை மரியாதை என்று தோன்றியது. அன்றிலிருந்து, வாங்கினால் பாகம் பாகமாக நானே தேர்ந்தெடுத்து நானே மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல மார்க் வாங்கியதற்காக அப்பா ஒரு தொகையை ஒதுக்கியபோது, மாமாவிடம் போய் ஒரு செட்டை எடுத்துக்கொள் என்றுதான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

செய்தி மாமாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மீனோடு எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அன்றும் வந்தார். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“என்ன மருமகளே, மாமா கடைச் சாமான் புளிச்சுப் போச்சா?”

“உள்ள போட்டிருக்கிற பவர் சப்ளை என்ன கம்பெனி, மாமா?”

“அரே, கரண்ட் வருதா, அதப் பாரு. கம்பெனியாம் கம்பெனி.”

“இங்க கரண்ட் ஏறுது, இறங்குது, திடீர்னு போகுது. பேரில்லாத சப்ளையப் போட்டா ஒருநா மொத்தமும் கருகிரும்.”

“சரி. மெயின்லாண்ட்ல வாங்கி, அது மக்கர் பண்ணுனா? வித்தவன் கப்பலேறி வந்து பாப்பானா?”

“நானே பாத்துக்குவேன்.”

இங்கே அப்பா சிரித்துத் தொலைத்தார். அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. “டீக் ஹை, பாப்போம்” என்று எழுந்தவர் சாப்பிடாமலேயே கிளம்பினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு பாத்திரங்களிடம் பேச ஆரம்பித்தாள். சிரித்தவர் அப்பா, பழி எனக்கு. இதிலும் எனக்கு நியாயம் புரியவில்லை.

கடலுக்கடியில் கேபிள் வராத காலம் அது. எங்கள் தீவில் இன்டர்நெட் என்பது சாட்டிலைட் வழியாக வருகிறது என்று நம்பப்பட்ட ஒரு பொருள். பாகங்களைப் பற்றி விளக்கும் வீடியோக்களை மெயின்லாண்ட் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாங்கள் ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போவோம். திரும்பி வந்தால் பேசுகிறவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியும் நான் விடவில்லை. இருக்கிற காசில் பெரும் பகுதியை எதில் போடுவது, எதில் கையை இறுக்குவது என்று ராத்திரியும் பகலும் அதே யோசனை. நல்ல பவர் சப்ளை. பின்னால் மெமரி கூட்டிக்கொள்ள இடமுள்ள போர்டு. மாமா போடுகிற பெரிய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், சிறியதானாலும் வேகமான எஸ்.எஸ்.டி. பெட்டி எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. பிராசஸர் மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோவில் ஒன்றைக் காட்டி, குறைந்த விலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்றார் பேசுகிறவர். ‘ஆனால்’ என்று அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று நாள் முயன்றும் அந்த ‘ஆனாலை’த் தாண்ட முடியவில்லை. ஆளே இல்லை என்றுதான் சொல்லிவிட்டாரே, போதும் என்று அதையே முடிவு செய்தேன்.

சாமான்களைத் தபாலில் வரவழைக்க வழியில்லை. எங்கள் பின்கோடைப் போட்டாலே இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். அதனால் சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா மகனை வாங்கச் சொன்னேன். கடையில் நின்றுகொண்டே போன் செய்தான்.

“ஏய், இந்தப் பிராசஸருக்குத் தனியா ஒரு கார்டு வேணுமாம். கடைக்காரர் சொல்றார்.”

“கடைக்காரர் அப்பிடித்தான் சொல்லுவாரு. நம்ம மாமா மாதிரிதான் எல்லாரும். நீ நான் சொன்னத மட்டும் வாங்குண்ணே.”

வாங்கினான். வாங்கியதைக் கடல் தாண்டிக் கொண்டுவர எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. மெயின்லாண்ட் போய்த் திரும்புகிற யாருமே தன் சாமானை மட்டும் தூக்கிக்கொண்டு வர முடியாது. எதிர் வீட்டு அத்தை ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் போர்டு அவர் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் மடிப்புக் கலையாமல் வந்தது. பிராசஸரும் மெமரியும் அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவரின் மிக்சர் டப்பாவில் விமானம் ஏறின. பெட்டியையும் பவர் சப்ளையையும் துணிக்கடை பாய் தன் சரக்குக் கட்டோடு கப்பலில் போட்டுவிட்டார். டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகிறவர்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் இங்கிருந்து கப்பலேறுவார்கள். அப்படி ஒரு குடும்பத்திடம் திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் மலிவாகப் பிடித்தேன். பூப்போட்ட உறை கிடைக்கவில்லை. அது தேவையும் இல்லை.

கூடத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் நானே மாட்டினேன். ஒரு திருகாணியைக்கூட அப்பாவைத் தொட விடவில்லை. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுற்றின. போர்டில் சின்ன விளக்கு எரிந்தது. அம்மாகூட அடுப்படி வாசலில் வந்து நின்றாள். திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று வந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் அதேதான். கேபிளை மாற்றினேன், மெமரியை மாற்றிச் செருகினேன், திரையை இரண்டு தட்டுத் தட்டினேன். விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

“ஞாயிற்றுக்கிழம வரைக்கும் பாரு” என்றார் அப்பா. “அப்பறம் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போய் மாமாகிட்டக் கொடுத்துட்டு, அவர் தர்ற செட்ட வாங்கிக்க. மன்னிப்பும் கேட்டுரு.”

அம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அண்ணன் திரும்பி வரப்போகிறார் அல்லவா? மன்னிப்புக் கேட்பதைவிட அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கடலில் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. சென்னைக்குப் போன் செய்தேன். சித்தப்பா மகன், நான்தான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பித்து, விஷயத்தைச் சொன்னான். அந்தப் பிராசஸரால் தானாகப் படம் காட்ட முடியாது. அதனால்தான் அது மலிவு. படம் காட்டத் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அந்த ‘ஆனாலு’க்குப் பிறகு வந்திருக்க வேண்டிய வாக்கியம் அதுதான். இதில் என் பிழை என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சாட்டிலைட்டைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை, தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் சேர்ந்த காசை எடுத்துக்கொண்டு மாமா கடைக்குப் போனேன். தோற்றுப்போய் வந்த ஆள் மாதிரித் தெரியக் கூடாது என்று தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டேன்.

“பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஏதாவது கெடக்கா மாமா? காசுக்குத்தான். கேம் வெளையாட வேணும்.”

மாமா ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் ஓடுதா?”

“ஜோரா ஓடுது.”

“படம் தெரியுதா?”

“கேம் வெளையாடத்தான்னு சொன்னேன்ல.”

“பழசு ஒண்ணு கெடந்துச்சு, பாக்குறேன்” என்று மாமா திரைச்சீலைக்குப் பின்னால் போனார். போனவர் வர வெகு நேரமாயிற்று. அவர் கொண்டுவந்த கார்டைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இணையத்தில் மெயின்லாண்ட் பையன்கள் வாயைப் பிளந்து பேசிக்கொண்டிருந்த கார்டு அது. என் மொத்த பட்ஜெட்டையும் கொடுத்தாலும் புதிதாக அதை வாங்கியிருக்க முடியாது. மாமாவோ அதை உப்புக்கடலைப் பொட்டலம் மாதிரி நீட்டினார். கையில் இருப்பது என்னவென்றே இந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று புரிந்துகொண்டேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, சந்தையில் அம்மா மீனுக்குப் பேசுகிற மாதிரி, கீறல் விழுந்திருக்கிறது, தூசி அடைந்திருக்கிறது என்று குறை சொல்லிப் பேரம் பேசினேன். அவரும் விடாமல் பேசினார். “ஐலண்ட் ரேட் இது, கட்டுப்படியாகாது” என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் என்னிடம் இருந்த காசில் பாதிக்கு மேல் தர மாட்டேன் என்று நின்று ஜெயித்தேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வயர் என் பவர் சப்ளையில் இருந்தது. ஃபுல் செட்டில் இருந்திருக்காது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரை வெளிச்சமானது. அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் மாமா மீனோடு வந்தார், ஓடுகிற பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாமாவை ஏமாற்றிய கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். அந்த சீசன் முழுவதும் அவர் கல்யாண ஆல்பம் வேலையையெல்லாம் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு, பஜாரின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஸ்டூடியோவுக்கு நடந்துகொண்டிருந்தார். தன் கடைச் சாமானைத் தானே நம்பாத மனிதர் என்று அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தேன்.

அன்று அவர் அந்தக் கார்டைக் கொடுத்தபோது, அது கையில் பிடிக்க முடியாத அளவு சூடாக இருந்தது. கடைக்குள் சரியான புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.