மீற்றர் காட்டாத 325

பாலன் அண்ணையின் காதுக்குப் பக்கத்தில் கப்பாசிற்றர் வெடித்தபோது மருதனார்மடம் சந்தையே எங்கள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அவருடைய மின்சாமான் திருத்தும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்று எனக்கென்று ஒரு கடை இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று காலை கரவெட்டியிலிருந்து ரஞ்சன் என்பவர் தாயாரின் ஒட்சிசன் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கரண்ட் போய் வந்ததோடை நிண்டுட்டுது அண்ணை. அம்மாவுக்கு இப்ப சிலிண்டர் பூட்டியிருக்கு. பின்னேரம் வரைக்கும்தான் காணும். எப்பிடியாவது செய்து தாங்கோ."

போர்டைக் கழற்றினால், கரண்டைத் தேக்கி வைக்கிற பெரிய கப்பாசிற்றர் வீங்கிக் கிடந்தது. அது 400 வோல்ற் தாங்குவது. கடையில் இருந்ததோ 250. அண்ணை மீற்றரைப் பிளக்கில் வைத்துப் பார்த்தார். 230.

"250 காணும்," என்று ஈயத்தால் பற்றவைக்கத் தொடங்கினார்.

"அண்ணை, லைன் 325 வரைக்கும் ஏறும். இது தாங்காது."

"உனக்கென்ன விசரே பிள்ளை? மீற்றர் 230 எண்டு காட்டுது. மிச்சம் உன்ரை பள்ளிக்கூடக் கொப்பிக்குள்ளையோ இருக்கு?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. குடாநாட்டில் கரண்டே இல்லாத யுத்த காலத்தில், கார் பற்றரியில் ரேடியோ பாடவைத்துத் தொழில் பழகியவர். பற்றரியில் மீற்றர் 12 என்றால் 12தான். ஏற்ற இறக்கம் கிடையாது.

சுவிச்சைப் போட்டுவிட்டு, இரைகிறதா என்று காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

டமார்!

அலுமினிய மூடி அவர் காதை உரசிக்கொண்டு போய் முகட்டில் அடித்தது. கடை முழுக்கப் புகை.

"ஐயோ, கண்ணைக் காட்டுங்கோ! சொன்னனான் எல்லே!" என்று கத்தினேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. அண்ணை காதைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தார். ரஞ்சன் வெளிறிப்போய் நின்றார்.

"இந்த மெசின் அம்மாவின்ரை தலைமாட்டிலை எல்லே நிக்கிறது," என்றார்.



திருத்தி வைத்திருந்த சின்ன டீவி ஒன்றை ஓடவிட்டு, அதன் பெரிய கப்பாசிற்றரில் அதே மீற்றரை DC-யில் வைத்தேன். 324 காட்டியது.

"அடக் கடவுளே! இவ்வளவு காலமும் உது என்னை ஏமாத்தினதோ?"

"ஏமாத்தேல்லை அண்ணை. 230 எண்டது ஒருவிதச் சராசரி. லைன் எண்டது அலை மாதிரி ஏறி இறங்கிறது, 325-ஐ சைனாலை பெருக்கின மாதிரி. சைன் ஆகக் கூடினால் ஒண்டு. அப்ப உச்சம் 325."

பக்கத்துக் கடையில் 400 வோல்ற் கப்பாசிற்றர் கிடைத்தது. வெடித்ததில், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட்டும் போயிருந்தது. போர்டில் அது ஒன்றே ஒன்றுதான். அண்ணை 400 வோல்ற் டயோட் ஒன்றை எடுத்தார்.

"325-க்கு இது தாராளம். சைன் ஆகக் குறைஞ்சால் பூச்சியம்தானே?"

"இல்லை அண்ணை, மறை ஒண்டு, மைனஸ்! கப்பாசிற்றர் மேலை 325-இலை நிக்கேக்கை, லைன் கீழை மறை 325-க்குப் போகும். நடுவிலை நிக்கிற டயோட் 650 தாங்கவேணும்."

டயோட் அவர் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"650ஓ? இந்தப் பிளக்குக்குள்ளையோ?"

1000 வோல்ற் டயோட் போட்டோம். இந்த முறை போர்டுக்கு மேல் வாளியைக் கவிழ்த்துவிட்டு, வயரை நீட்டி, மூவரும் வாசலுக்கு வெளியே நின்றுதான் சுவிச்சைப் போட்டோம். வெடிக்கவில்லை. நன்றாக ஓடவிட்டுப் பார்த்தபிறகே ரஞ்சனிடம் கொடுத்தோம்.

பொழுதுபட முன்னர் போன் வந்தது; அண்ணை ஸ்பீக்கரில் போட்டார். ரஞ்சன் போனை மெசினுக்குக் கிட்டப் பிடித்திருக்கவேண்டும். புஸ், புஸ் என்று சத்தம். பிறகு அவருடைய அம்மாவின் மெல்லிய குரல்: "தம்பி, நல்லா வேலை செய்யுது." அண்ணை போனை வைத்துவிட்டு விம்மி அழுதார்.

அடுத்த நாள் முதல், யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்: "மேலை எவ்வளவு பிள்ளை? கீழை எவ்வளவு?"

அந்த இரண்டும் தெரியாமல் நான் இன்றுவரை எந்தச் சுவிச்சிலும் கை வைத்ததில்லை. நாங்கள் திருத்துகிற சாமான் யாருடைய தலைமாட்டில் நிற்கப்போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது.