பலகையில் எழுதிய பட்டப்பெயர்

சென்ற பொங்கல் விடுமுறையில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் தெரு மன்றம் நடத்திய கேரம் போட்டியில் நடந்தது இது. இரட்டையர் இறுதி ஆட்டம். என் நண்பரான மீன் வியாபாரிக்கு ஜோடி, மணலி ஆலையில் இயந்திரம் பொருத்த வந்திருந்த ஒரு கனடாக்காரர். இரண்டு முறை இறுதிவரை வந்து தோற்றவர் நண்பர். இந்த முறை கோப்பையை விடுவதாக இல்லை.

எங்கள் மன்றத்தில் ஆட்டக்காரர்களின் பட்டப்பெயரைத்தான் புள்ளிப் பலகையில் எழுதுவோம். எழுதுவது என் வேலை. நண்பர் பெயர் 'கருவாடு'.

"வெள்ளக்காரருக்கு இன்னா எழுதறது?" என்று கேட்டேன்.

"கூட வேல செய்ற அமெரிக்காக்காரர் 'கனக்'னுதான் கூப்புடுவாரு. அதையே போடு நைனா."

எழுதிவிட்டேன். ஆனால் எதையும் சரிபார்க்காமல் விட எனக்கு மனம் வராது. கைப்பேசியில் தேடியதும் திக்கென்றது. கனடாக்காரர்களை, முக்கியமாக அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்களை, அமெரிக்கர்கள் இளக்காரமாக அழைத்த பெயராம். பூர்வகுடிகளின் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். பசிபிக் தீவு மாலுமிகள் கொண்டுவந்தது என்கிறார்கள் வேறு சிலர். எதுவும் உறுதியில்லை. இவரோ பிரெஞ்சு பேசுகிறவர்!

அதற்குள் ஆட்டத்தின் கடைசிச் சுற்று வந்துவிட்டது. சம புள்ளிகள். தெருவே "கனக்கு, கனக்கு" என்று கத்த, அவர் ஸ்டிரைக்கரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கோபித்து எழுந்து போய்விட்டால் நண்பரின் கோப்பையும் போய்விடும். துணியை எடுத்துக்கொண்டு புள்ளிப் பலகைக்கு ஓடினேன்.

"இன்னாத்துக்கு அழிக்கிற? ஆட்டம் முடியல" என்றார் நண்பர்.

இருவரிடமும் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கனடாக்காரர் சிரித்துவிட்டார். அமெரிக்காவுக்குப் பஞ்சாலை வேலைக்குப் போன தன் தாத்தாவை அப்படித்தான் ஏசினார்களாம். இப்போது அவர் ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களாம். அழிக்க வேண்டாம், எழுத்தை இன்னும் பெரிதாக்கு என்றார்.

"அட, நம்ம கேஸு" என்றார் நண்பர். "காலேஜ்ல என்னிய கருவாடுன்னு மூக்கப் பொத்திகினானுங்க. நான் அதையே வண்டில பெயின்ட் அட்ச்சி எழுதிகினேன்."

அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கனடாக்காரர் கேரம் பலகையில் ஓங்கித் தட்டினார். காய்கள் குதித்தன. எதிரணி முறைத்தது, காய்களை இருந்த இடத்திலேயே வைத்துக் கொடுத்தேன். அடுத்த அடியில் சிவப்பை இறக்கினார். சிவப்புக்கு ஃபாலோவாகப் போட வேண்டிய கடைசிக் காயும் விழுந்தது. கோப்பை நண்பருக்கு. கருவாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினோம்.

எந்த ஊர் என்று கேட்டால் முன்பெல்லாம் இளக்காரத்துக்குப் பயந்து சென்னை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அன்றிலிருந்து காலடிப்பேட்டை என்று சொல்கிறேன், எங்கள் பேச்சிலேயே.